தையல் மிஷினை ஏன் பூட்டி வைத்தீர்கள்? மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நூலக ஆணைக்குழுத் தலைவர், உறுப்பினர்கள், மாவட்ட நூலக அலுவலர் ஆகியோருக்கு,

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கம்போல நூலக மாடிக்குப் போனேன். கையில் அடிநூல் சுற்றுகிற பாபின் டப்பா, ஒரு பாக்கெட் ஊசி, இரண்டு மீட்டர் காடாத் துணி. கூட ஏழு பிள்ளைகள், மூன்று அம்மாக்கள். யாரும் வந்து கருவிகளை வைத்துப் பொருள் செய்து பழகுகிற மேக்கர் ஸ்பேஸ் அறை திறந்துதான் இருந்தது. பிளாஸ்டிக் இழையை உருக்கிப் பொருளாக வார்க்கிற 3டி பிரிண்டர் அதே இடத்தில் இருந்தது, கம்ப்யூட்டர்கள் இருந்தன. தையல் மிஷின் இரண்டையும் காணோம். துணி வெட்டுகிற மேசையைக் காணோம். அட்டை, மூங்கில் குச்சி, நூல்கண்டு, பசை எல்லாம் வைத்திருந்த மர அலமாரியையும் காணோம். கேட்டபோது, கீழே பழைய நாளிதழ்க் கட்டுகள் போடும் அறையில் வைத்துப் பூட்டியாகிவிட்டது என்றார்கள். கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. இனி இந்த அறை டிஜிட்டல் பயிற்சிக்கு மட்டும், கல்லூரி அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும், தையலுக்கும் கைவேலைக்கும் அனுமதி கிடையாது.

வாசலில் நின்ற பதினோரு பேரில் ஒருவரிடமும் கல்லூரி அட்டை இல்லை.

நான் ஒரு தையல்காரி. இந்த ஊரில் பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். நூலகத்தின் வாசகர் வட்டத்துக்காரர்கள் வந்து கேட்டதால் மூன்று வருடமாகச் சனிக்கிழமை காலை கடையைத் திறக்காமல் உங்கள் மாடிக்கு வந்து சொல்லிக் கொடுத்தேன், காசு எதுவும் வாங்கவில்லை. பூட்டி வைத்திருக்கும் இரண்டு மிஷினில் மிதி வைத்த பழைய மிஷின் நான் கொடுத்தது, என் அம்மா ஓட்டியது. அதைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. அது அந்த அறையில் ஓட வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

இரண்டு முறை நேரில் வந்தேன், ஒரு முறை மனு கொடுத்தேன். பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

தையல் ஒரு பக்கம், தொழில்நுட்பம் ஒரு பக்கம் என்று பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறையில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண். டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் ஊருக்குப் போகிறவள், வழியில் பாதி தூரம் தெருவிளக்கு கிடையாது. தன் புத்தகப் பைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு வைத்துத் தைக்க வேண்டும் என்று வந்தாள். அங்கே சொல்லிக் கொடுக்க வருகிற இன்ஜினியரிங் மாணவர் ஒருவர் காகிதத்தில் சர்க்யூட் வரைந்து கொடுத்தார். 3 வோல்ட் பட்டன் பேட்டரி, நான்கு சிவப்பு எல்.இ.டி., கம்பிக்குப் பதில் கரண்ட் கடத்துகிற ஸ்டீல் நூல். அதுவரை சரி. அந்த நூலை ஊசியில் கோர்த்து மிஷினை ஓட்டினால் நான்கு தையலுக்கு ஒரு முறை பிய்ந்தது. மேல்நூல், இழுவிசையைச் சரிசெய்கிற டென்ஷன் தட்டுக்குள் நுழைந்து, ஊசித் துளையில் மேலும் கீழும் உராய்ந்து வருவதால் அந்த முறுக்கு நூல் தாங்காது. ஸ்டீல் நூலைப் பாபினில் சுற்றி அடிநூலாகப் போட்டேன், மேலே சாதாரண பாலியஸ்டர் நூல், பாபின் கேஸ் திருகைக் கால் சுற்று தளர்த்தினேன். ஒரே ஓட்டமாக ஓடியது.

விளக்கு எரியவில்லை. பேட்டரி லேசாகச் சுட்டது. அந்தத் தம்பி கரண்ட் அளக்கிற மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, ஷார்ட் ஆகிறது, பிளஸும் மைனஸும் எங்கேயோ தொடுகிறது என்று சொல்லிவிட்டார், எங்கே என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. நான் துணியைத் திருப்பிப் பார்த்தேன். பிளஸ் வரியின் நூல் முனை அரை இன்ச் நீட்டிக்கொண்டு மைனஸ் வரியின் மேல் படுத்திருந்தது. நூல் முனையைக் கத்தரிக்காமல் விடுவது எங்கள் தொழிலில் முதல் வாரத்திலேயே திட்டு வாங்குகிற தப்பு. கத்தரித்து, முடிச்சு பிரியாமலிருக்க நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்ததும் நான்கு விளக்கும் எரிந்தன. அந்தப் பெண் அன்று மாடிப்படியில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்று தடவை ஏறி இறங்கினாள்.

இதில் எது டிஜிட்டல், எது கைவேலை என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் அறிவிப்புப்படி அந்தப் பையில் பாதியைத்தான் இனி அந்த அறையில் செய்ய முடியும், பாதிப் பையில் விளக்கு எரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணே இனி உள்ளே வர முடியாது, அவளுக்குக் கல்லூரி அட்டை கிடைக்க இன்னும் நான்கு வருடமாவது ஆகும்.

அப்புறம் அந்தப் பொத்தான் விஷயம். பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் 3டி பிரிண்டரில் சட்டைப் பொத்தான் போட்டார்கள், அழகாகத்தான் வந்தது. ஒரு சட்டையில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் பையன் சட்டையோடு வந்தான், இஸ்திரி போட்டதில் பொத்தான் நான்கும் நசுங்கிப் போயிருந்தன. பிரிண்டரில் போடுகிற அந்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரிச் சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும், பருத்திச் சட்டைக்கு வைக்கிற இஸ்திரிச் சூடு அதைப்போல மூன்று மடங்கு. பையன்கள் மனம் விட்டுவிடவில்லை. கொட்டாங்குச்சியை அறுத்து, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, கைத் துரப்பணத்தால் துளை போட்டார்கள். துளை நான்கும் ஒவ்வொரு பொத்தானிலும் ஒவ்வொரு இடத்தில் விழுந்தது. அப்போது அவர்களுக்கே தோன்றிய யோசனை இது: கொட்டாங்குச்சி வில்லையை உள்ளே வைத்துப் பிடித்துக்கொள்ள, சரியான இடைவெளியில் நான்கு துளையோடு ஒரு அச்சை 3டி பிரிண்டரில் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த பொத்தான்கள் என் கடையிலேயே குழந்தைச் சட்டைகளில் இருக்கின்றன. பிரிண்டரால் எது முடியும், எது முடியாது என்று அந்தப் பையன்கள் கற்றுக்கொண்டது இஸ்திரிப் பெட்டியாலும் உப்புத்தாளாலும்தான். கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்கார வைத்திருந்தால் அது தெரிந்திருக்காது.

தையலுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். நம் ஊர்த் தறிகளின் மேலே ஏறிப் பார்த்தால் டிசைன் நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டியும் துளை போட்ட அட்டைகளும் இருக்கும். துளை இருக்கும் இடத்தில் ஒரு இழை எழும், இல்லாத இடத்தில் எழாது. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த அந்த அட்டை முறையைத்தான் பிறகு இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். நிலவுக்குப் போன அப்போலோ கலத்தின் கம்ப்யூட்டர் நினைவகத்தைத் தொழிற்சாலைப் பெண்கள் ஊசி வைத்துக் கம்பியை ஒவ்வொன்றாகக் கோர்த்து நெய்தார்கள், சின்னக் காந்த வளையத்துக்குள் கம்பி போனால் 1, வெளியே போனால் 0. இதெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படித்தது இல்லை, ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. உங்கள் மாடியில் அந்த இன்ஜினியரிங் தம்பி பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பாபின் சுற்றிக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் தன் அப்பாவின் பழைய டிசைன் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, தான் கம்ப்யூட்டரில் போடுகிற கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். அவன் அப்பாவும் ஒரு நாள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் நூலகப் படி ஏறியது அதுதான் முதல் தடவை என்றார்.

படி ஏறுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. 2019 ஜனவரியில் ஒரு தடவை மட்டும் பயன்படுத்துகிற பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்கள், 2021 கடைசியில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. அதிலிருந்து எங்கள் பக்கத்து மகளிர் குழுப் பெண்கள் துணிப்பை தைத்து விற்கிறார்கள். பை தைக்க அவர்களுக்குத் தெரியும், பையில் கடைப் பெயரும் படமும் போட வெளியில் கொடுத்தால் கட்டுப்படியாகவில்லை. இந்த அறைக்கு வந்து, இலவசமாகக் கிடைக்கிற இங்க்ஸ்கேப் மென்பொருளில் தமிழ் எழுத்தை வைத்து வடிவமைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதைத் தாளில் பிரிண்ட் எடுத்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிமின் மேல் வைத்து வெட்டி ஸ்டென்சில் ஆக்கி, அங்கேயே துணியில் பெயின்ட் ஒற்றிப் பார்த்தார்கள். மவுஸைத் தொடப் பயந்த பெண்கள். துணி பக்கத்தில் இருந்ததால்தான் கம்ப்யூட்டர் அருகே வந்தார்கள். வந்தவர்களில் எட்டுப் பேர் நூலக உறுப்பினர் ஆனார்கள், வாரம் ஒரு புத்தகம் எடுத்துப் போகிறார்கள். அந்த எட்டுப் பெயரும் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது.

ஒரு பெரியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுபது தாண்டியவர், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டுகிற சால்டரிங் வேலையைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஈயக் கம்பியைச் சால்டரிங் அயர்னில் வைக்காதே, சூடாகிற இடத்தில் வை, அது தானே உருகி ஓட வேண்டும் என்று நூறு தடவை சலிக்காமல் சொல்லுவார். புதிய விதியின்படி அவரும் உள்ளே வர முடியாது. சொல்லிக் கொடுக்கிறவரையே வாசலில் நிறுத்திவிட்டு யாருக்கு என்ன பயிற்சி நடக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் வாய்மொழியாகச் சொன்ன காரணங்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

சத்தம். இது நியாயமான புகார், மறுக்க மாட்டேன். கீழ்த்தளத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் வாழ்க்கையே அந்த நாற்காலியில் இருக்கிறது. தரை அதிர்கிறது என்று ஒரு தம்பி மேலே வந்து சொன்ன அன்றைக்கே மிஷினின் கால்களுக்கு அடியில் பழைய டயர் ரப்பர் வெட்டி வைத்தோம். அதற்குப் பிறகு யாரும் வந்து சொன்னதில்லை. வந்ததெல்லாம் வேறு காரணத்துக்கு. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் மூன்று நான்கு பேர் மேலே வருவார்கள், பை வார் தைக்க, சுடிதார் பிரிந்ததை அடிக்க, சும்மா அட்டை வெட்டி ஏதாவது செய்ய. ஏழு மணி நேரம் படித்த பிறகு கைக்கு ஒரு வேலை கிடைத்தால் தலை தெளிகிறது என்று அதில் ஒரு பெண் சொன்னாள், அவள் இப்போது அரசு வேலையில் இருக்கிறாள். இன்னும் சத்தம் தொந்தரவு என்றால் நேரம் குறியுங்கள், நாங்கள் அந்த நேரத்துக்குள் முடித்துக்கொள்கிறோம்.

விபத்து. மூன்று வருடத்தில் என் கண் முன்னால் நடந்தது இரண்டு. ஒரு பிள்ளைக்கு விரலில் ஊசி குத்தியது, ஒரு பையனுக்கு சால்டரிங் அயர்ன் பட்டு விரல் கொப்பளித்தது. குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான், அவன் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னதும் நான்தான். எனக்கு இன்றைக்கும் அது வருத்தம். அதற்குப் பிறகு சிறு பிள்ளை பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் அயர்னை இயக்குவதில்லை என்று முடிவு செய்து நடந்தோம். கவனியுங்கள், சுட்டது சால்டரிங் அயர்ன், அதை நீங்கள் அறையில் வைத்திருக்கிறீர்கள். தையல் மிஷினைத்தான் ஆபத்து என்று எடுத்தீர்கள்.

மூன்றாவது, நூலகத்தில் இதெல்லாம் எதற்கு என்பது. இந்தக் கேள்வி என்னை ரொம்பவே வருத்தியது. பொது நூலகச் சட்டம் நம் மாகாணத்தில் 1948-லேயே வந்தது. அந்தச் சட்டத்துக்காக உழைத்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னவர், ஐந்தாவது விதியில் நூலகம் ஒரு வளரும் உயிர் என்றார். அவர் காலத்தில், 1931-ல், மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வண்டியும் மாடும் நூலகத்தில் எதற்கு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அந்தக் கிராமங்களுக்குப் புத்தகம் போயிருக்காது. பின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கியில் 2018-ல் திறந்த ஊடி என்கிற மைய நூலகத்தில் 3டி பிரிண்டரும் தையல் மிஷினும் ஒரே தளத்தில் இருக்கின்றன, துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின்கூட வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வந்து தைக்கலாம். அந்த வீடியோவை நம் அறையின் கம்ப்யூட்டரில்தான் பிள்ளைகள் எனக்குக் காட்டினார்கள். நம்மிடமும் இருக்கிறதே அக்கா என்று ஒரு குட்டி சொன்னாள். இருந்தது.

சொத்து வரி கட்டும்போது ஒரு ரூபாய்க்கு பத்துக் காசு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். என் கடைக்கும் வீட்டுக்கும் நானும் கட்டுகிறேன், அந்த ரேடியோ பெரியவரும் கட்டுகிறார். அந்த ரசீதில் கல்லூரி அட்டை வைத்திருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வந்ததால்தான் அந்த அறையே நடந்தது. ஆனால் அவர்களுக்குக் கல்லூரியிலேயே ஒரு லேப் இருக்கும். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும், மகளிர் குழு அக்காவுக்கும், நெசவாளர் வீட்டுப் பையனுக்கும் அந்த ஒரு அறைதான் இருந்தது.

நான் கேட்பது இவை. பூட்டி வைத்த இரண்டு தையல் மிஷின், வெட்டுமேசை, மர அலமாரி நான்கையும் அதே அறைக்குத் திருப்பி அனுப்புங்கள். வேறு அறை தருகிறோம் என்று பிரிக்க வேண்டாம், பிரித்தால் என்ன போகும் என்றுதான் இவ்வளவு நேரம் எழுதினேன். கல்லூரி அட்டை நிபந்தனையை எடுத்துவிட்டு, நூலக உறுப்பினர் அட்டை உள்ள எல்லோரையும் அனுமதியுங்கள், சிறு பிள்ளைகள் என்றால் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும் என்று போடுங்கள், ஒத்துக்கொள்கிறோம். மிஷின் ஓட்டும் நேரத்தைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களையும் உட்கார வைத்துப் பேசி எழுதி ஒட்டுங்கள். ஊசி, நூல், ஈயக் கம்பி, பிரிண்டர் இழை இவற்றுக்கு வருடத்துக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள், மூன்று வருடமாக இதையெல்லாம் நாங்களே கையிலிருந்து வாங்கினோம், கைக்காசு இல்லாத வாரம் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறையைப் பற்றி அடுத்து முடிவெடுக்கும்போது அதைப் பயன்படுத்துகிறவர்களில் இரண்டு பேரையாவது, அதில் ஒருவர் பெண்ணாக, கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எடுங்கள். நான் கொடுத்த மனுவுக்கும் இந்த மடலுக்கும் ஆணைக்குழுவின் அடுத்த கூட்டம் முடிந்த பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

ஒன்று மட்டும் கூட்டம் வரை காத்திருக்க முடியாது. கீழ் அறையின் மேற்குச் சுவர் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஈரம் கசியும், நாளிதழ்க் கட்டுகள் பூசணம் பிடித்து நான் பார்த்திருக்கிறேன். மழை தொடங்கினால் மிஷினின் ஷட்டிலும் ஊசித்தண்டும் துருவேறி இறுகிவிடும், அப்புறம் மாடிக்கு ஏற்றியும் பயனில்லை. இந்த வாரத்துக்குள் ஒரு நாள் அரை மணி நேரம் அந்த அறைச் சாவியை வாசகர் வட்டத்தில் யாரிடமாவது கொடுங்கள். எண்ணெயும் துணியும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளில் மாடியில் தையல் சொல்லிக் கொடுத்தவள்